கம்பளிக் கோட்டோடு நயினாதீவுக்கு

என் பேத்திக்கு முதல் சோறு கொடுப்பதற்காக இந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய்வந்தோம். மலைநாட்டிலிருந்து தீவுப் பக்கம் வருகிறவர்கள் என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று எனக்கு யாரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே உங்களுக்கு நான் எழுதுகிறேன்.

நான் நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே வயதானவன். என் ஒரே மகள் சுமதி வேலணைத் தீவில் சரவணை என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். என் மனைவி காலமான பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, இந்த ஆனியில் என்னையும் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். போன வருடம்தான் தோட்டத்து மாலை வகுப்பில் எழுதப் படிக்கப் பழகினேன். அதனால் வழியில் எந்தப் பலகையைக் கண்டாலும் நின்று படிப்பேன். கூட வருபவர்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம். எனக்கு நல்ல சந்தோஷம்.

மலையில் என் உடுப்பு இப்படித்தான்: கீழே சாரம். மேலே பனியன், சட்டை, கையில்லாத கம்பளிச் சுவெற்றர், அதற்கு மேல் கோட், கழுத்தில் மப்ளர். குளிருக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். கோட் இல்லாமல் எங்கள் பக்கத்து வயதானவர்கள் நல்ல காரியத்துக்குப் போகமாட்டார்கள். என் கோட் நுவரெலியாவில் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய சீமைக் கோட். சுமதியின் கல்யாணத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். சரவணைக்கு வந்ததும் கோட்டை மட்டும் அலுமாரியில் வைத்தேன். சுவெற்றரை விட முடியவில்லை. அது இல்லாமல் முற்றத்தில் நின்றால் ஒன்றுமே உடுக்காமல் நிற்பது போல இருந்தது. வேர்வை ஊற்றும். துடைத்துக்கொள்வேன்.

பேத்தியின் பெயர் ஆதிரா. ஆறு மாதம். வந்த நாளிலிருந்து நான் தூக்கினால் அழுவாள். சம்பந்தி தூக்கினால் சிரிப்பாள். சம்பந்தி கந்தையா சரவணையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர், வாய்த் துடுக்குக்காரர், நல்ல மனிதர். பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும்போது தாய் வீட்டு ஆள் மடியில் வைத்திருக்க வேண்டும். தாய்மாமன்தான் முறை. சுமதிக்கு உடன்பிறந்தவர் இல்லாததால் நான்தான். ஆனால் கோயிலில் பிள்ளை வீறிட்டு அழுது சோற்றையும் வாங்காவிட்டால் என்ன செய்வது, பேசாமல் கந்தையாவின் மடியிலேயே வைப்போமா என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. சுமதி விடவில்லை.

“என்ர பக்கத்துக்கு அப்பா ஒராள்தான் இருக்கிறார். அவற்ற மடியிலதான்” என்றாள்.

கல்யாணமாகி வந்த இந்த மூன்று வருடத்தில் என் மகளுக்கு இரண்டு ஊர்ப் பேச்சும் வந்துவிட்டது. அவள் அப்படிச் சொன்னதும் எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. அழுதால் என்னால்தான் அழுதாள் என்று ஆகிவிடும்.

முதல் நாள் மாலை கந்தையா, “சோளகம் நிக்குது. கடலில காத்துப் பலமா இருக்கும். பிள்ளையைப் பொத்திக்கொண்டு வாங்கோ” என்றார். எனக்குக் காற்று என்றால் ஒன்றுதான் தெரியும். எங்கள் மலையில் காற்று அடித்தால் எலும்பு வரைக்கும் குளிர் இறங்கும். நான் அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்து வெளியே வைத்தேன். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று அடுப்பு வாசலில் நிற்பது போலச் சுடும் என்று யார் கண்டது?

காலை எட்டரைக்கு ஓட்டோவில் புறப்பட்டோம். மருமகன் ரமணன் பொங்கல் சாமான்களோடு மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்விட்டார். ஓட்டோவில் கந்தையா, சுமதி, பிள்ளை, நான். என்னைப் பார்த்ததும் சுமதி தலையில் கையை வைத்தாள்.

“அப்பா, இன்னைக்கு மட்டும் அந்தக் கோட்ட விட்டுட்டு வாங்கப்பா.”

“காத்து அடிக்கும்னு சம்பந்தியே சொன்னாரே.”

“நான் பிள்ளைக்குச் சொன்னனான்” என்றார் கந்தையா. “சரி, வரட்டும். ஆரும் கேட்டால் வெளிநாட்டில இருந்து வந்த ஆள் எண்டு சொல்லுவம்.”

சரவணையிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை பதினான்கு கிலோமீற்றர் அளவில் வரும். ஓட்டோவுக்கு இரண்டாயிரம் ரூபா. யாழ்ப்பாணத்திலிருந்து நேராக பஸ்ஸும் உண்டு, அது மலிவு. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் கடலுக்குள்ளாகவே தெரு போகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் கம்புகள் நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். கொக்குகள் தண்ணீருக்குள் நடந்து திரிகின்றன. மலையில் பிறந்தவனுக்கு நிலம் இவ்வளவு சமமாக இருப்பது இன்னும் பழகவில்லை. இறுப்பிட்டி என்று ஒரு பலகை வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும் முன் ஓட்டோ தாண்டிவிட்டது. மிச்சத்தைக் கந்தையாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

படகுக்கு ஆளுக்கு நூறு ரூபா. ஏறும்போது எல்லோருக்கும் செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு அங்கி கொடுக்கிறார்கள். என் கோட்டுக்கு மேல் அது பூட்டுப்படவில்லை. படகுக்காரத் தம்பி இழுத்துப் பார்த்தார்.

“ஐயா, லண்டனில இருந்து இறங்கி நேரா இங்க வாறியளோ?”

“இல்ல தம்பி, நுவரெலியா.”

“கோட்டைக் கழட்டினால்தான் இது பூட்டலாம் ஐயா.”

“கழட்டினா காத்துப் புடிக்குமே.”

“காத்தோ! கீழ இறங்கிப் பாருங்கோ, காத்து இருக்குதோ எண்டு.”

கோட்டைக் கழற்றாமல், அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு படகின் உள்ளுக்கு இறங்கினேன். காற்று ஒரு துளி இல்லை. இயந்திரச் சூடும் டீசல் மணமும்தான். ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அலை பக்கவாட்டில் அடித்தபோது படகு நன்றாக ஆடியது. இருபது நிமிடம்தான், ஆனால் நான் இறங்கும்போது கோட்டின் உள்துணி முதுகோடு ஒட்டியிருந்தது. பிள்ளையை ஒரு தடவை வாங்கினேன். அழுதாள். கொடுத்துவிட்டேன்.

இறங்கியதும் நேரே கோபுரம். வாசலில் ஒரு பலகை. ஆண்கள் மேலாடையைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும் என்று எழுதியிருந்தது. நான் யாருடைய உதவியும் இல்லாமல் படித்தேன். படிக்கப் பழகிய பிறகு முதல்முறையாக, படிக்காமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சுவெற்றரோடு நின்றுதான் கும்பிடுவோம். இங்கே அப்படி இல்லை. வேப்ப மர நிழலில் கந்தையா ஒரே இழுப்பில் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். நான் மப்ளரை எடுத்தேன். கோட்டைக் கழற்றினேன். சுவெற்றர். சட்டை.

“இன்னும் எத்தினை கிடக்கு?” என்றார் அவர். “நான் முப்பது வருசமா வெங்காயம் செய்யிறன், இவ்வளவு தோல் கண்டதில்லை.”

சுமதி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் பனியனில் கை வைத்தபோது கை நின்றுவிட்டது.

“இதுக்கு மேல வேணாங்க சம்பந்தி. நீங்களே புள்ளைய மடியில வச்சுக்குங்க. நான் வெளியில நின்னு கும்பிட்டுக்கிறேன்.”

“ஏன், ஏதும் காயமோ?”

“இல்லீங்க.”

“பிறகென்ன வெக்கமோ? இந்த வயதில உங்களை ஆர் பாக்கப்போகினம்?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. நான் ஆட்கள் முன்னால் வெறும் உடம்போடு நின்றது இரண்டே தடவை. ஒன்று அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது. மற்றது என் மனைவிக்கு. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் ஓர் ஆண் சட்டையில்லாமல் வாசலில் நின்றால், அந்த வீட்டில் சாவு என்று மேல்மலை வரைக்கும் தெரிந்துவிடும். அந்த உடம்போடு பிள்ளையை மடியில் வைத்து முதல் சோறு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

சுமதி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அப்போது கோயிலுக்குள்ளிருந்து ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வந்தார்கள். இப்போதுதான் தாலி கட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை, கழுத்தில் மாலை, பட்டு வேட்டி. மேலுக்குச் சட்டை இல்லை. வேர்வையோடு படமெடுப்பவருக்குச் சிரித்துக்கொண்டு நின்றார்.

கந்தையா என் காதருகே குனிந்தார்.

“சம்பந்தி, அந்தத் தம்பியின்ர வீட்டில ஆர் செத்தது எண்டு கேட்டுக்கொண்டு வரட்டோ?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணிலும் தண்ணீர் வந்தது. சுமதி என் கோட்டையும் மற்றதையும் வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டாள்.

“அம்மா இருந்திருந்தா, கோட்டோட வந்ததுக்குத்தான் உங்கள ஏசியிருப்பா” என்றாள்.

அது உண்மை. பனியனைக் கழற்றினேன்.

கந்தையா என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்துக்கு மேலே வெயிலில் கறுத்த நிறம், கீழே வெயிலே படாத நிறம். “உங்கட ஊர் லீக்ஸ் தண்டு மாதிரியே இருக்கிறியள், மேலுக்கொரு நிறம், அடி வெள்ளை” என்றார். தன்னிடமிருந்த இன்னொரு சால்வையைத் தந்தார். நான் பழக்கத்தில் தோளைச் சுற்றிப் போர்த்தினேன். அவர் அதை உருவி என் இடுப்பில் கட்டிவிட்டார். சாமி முன்னால் சால்வை இடுப்பில்தான் இருக்க வேண்டுமாம். தோளில் போடுவது பெரிய மனுசத்தனம் காட்டுவது என்றார்.

உள்ளே கல் குளிர்ந்திருந்தது. தவில் அடிப்பவர், நாதஸ்வரக்காரர், ஐயர், கும்பிட வந்த ஆண்கள், எல்லாரும் என்னைப் போலவே நின்றார்கள். ரமணன் இடம் பிடித்து வைத்திருந்தார். சப்பணம் கட்டி உட்கார்ந்தேன். சுமதி பிள்ளையை என் மடியில் வைத்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அழவில்லை.

முதுகை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு, விளக்குகளைப் பார்த்தபடி இருந்தாள். ஐயர் தந்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு பருக்கையளவு எடுத்து வாயில் வைத்தேன். யோசித்தாள். விழுங்கினாள். இரண்டாவதை என் நெஞ்சில் துப்பினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஐயரும்தான்.

“பாத்தீங்களாப்பா?” என்றாள் சுமதி. “உங்க சுவெற்றர்தான் அவளைக் குத்தியிருக்கு. அதைக் கழட்டச் சொல்லி நான் எத்தினை தரம் சொன்னனான்.”

அவள் சொன்னது உண்மைதான். மலையில் நாங்கள் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித்தான் தூக்குவோம். கம்பளி ஒரு பிள்ளைக்குத் தொந்தரவாக இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? என்னைப் பிடிக்கவில்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அன்னதானத்தில் சாப்பிட்டோம். திரும்பும் முன் கரையோரமாகப் பத்து நிமிடம் நடந்து புத்த விகாரையையும் பார்த்தேன். அங்கே தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். ஆகவே கோயிலில் கழற்றிய சட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். ஒரே தீவில் ஓரிடத்தில் கழற்றுவதும் ஓரிடத்தில் போடுவதும் மரியாதை. இரண்டும் நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டு மணிப் படகில் திரும்பினோம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள். காற்றுக் கூடினால் மாற்றுவார்கள்.

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு: இரண்டு பருத்தி வேட்டி, இரண்டு மெல்லிய சட்டை, ஒரு சால்வை போதும். வேர்வை துடைக்கத் துவாய் ஒன்று. செருப்பு, கழற்றிப் போட எளிதாக இருக்கட்டும். பன்னிரண்டு மணிக்கு மணலில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். பெண்கள் படகில் ஏறும் முன் சேலைத் தலைப்புக்கு ஊசி குத்திக்கொண்டால் சோளகத்துக்குப் பயப்படத் தேவையில்லை. கம்பளியை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விட மனமில்லாதவர்கள் கொண்டுவாருங்கள், நான் ஏசமாட்டேன். ஆனால் வந்த முதல் கிழமையே ஒரு தடவை கழற்றிவிட்டு முற்றத்தில் நின்று பாருங்கள். கூச்சம் கொஞ்ச நேரம்தான்.

இன்னும் ஒன்றிரண்டு எழுத நினைத்தேன். ஆதிரா எழும்பிவிட்டாள். அறைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. சட்டையைத் தேடிக்கொண்டு நிற்க நேரமில்லை. தூக்கப் போகிறேன்.