சாந்தகுமாரியின் அட்டைப் பியானோ

சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தே இருபது வருஷத்தை ஓட்டிவிட்ட ஜோகுபாளையம் சாந்தகுமாரிக்குத் தொண்ணூற்றாறாம் வருஷம் பியானோ ஆசை பிடித்தது. சர்ச் ஹாலில் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்த வீணாவுக்கு இவள் வயதில் பாதிதான். ஆனாலும் இவளுக்கு அவள் மிஸ்.

வீட்டில் பியானோ ஏது? சட்டைக்குள் வைக்கும் அட்டைகளை ஒட்டிக் கட்டைகள் வரைந்தாள். காஜா பழகிய கை அல்லவா, இரண்டு வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்பு என்று எங்கும் ஒரே இடைவெளி விட்டது. சாயங்காலம் குக்கர் அடங்கியதும் ஜி மேஜர் வாசிப்பாள். நோட்டு வரியின் தலையில் ஒரே ஒரு ஷார்ப் குறி. அதை மறக்காமல் எஃப் வரும்போதெல்லாம் விரல் கறுப்புக்கு ஏறும். பிறகு ஆசை தீர, ஒரு கட்டை விடாமல் ஓரத்திலிருந்து ஓரம்வரை போவாள். அட்டையிலிருந்து சத்தம் கசிந்து, கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே மிதக்கும்.

ஒரு மாசம் போனது. "கறுப்பு வெள்ளை எல்லாத்தையும் வரிசையா வாசிங்கக்கா" என்றாள் வீணா. சர்ச் பியானோவில் ஈ கட்டையைத் தாண்டிக் கறுப்பைத் தேடிய விரல் வெறும் இடுக்கில் தடுக்கியது.

"ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவுல கறுப்புக் கட்டையே கிடையாதுக்கா."

சாந்தகுமாரி கண்ணை மூடினாள். அந்தக் கட்டையின் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"எங்க வீட்ல இருக்கு மிஸ்" என்றாள்.