புள்ளிக்குப் பின்னால் ஒரு சைபர்

நனைந்த நண்டு வலையின் பாசி வாடை மூக்கில் ஏறினால் எனக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அந்த வாரம் டீச்சர் எங்களுக்குத் தசம எண்கள் நடத்திக்கொண்டிருந்தார். எண்கோட்டில் 3.5, 3.05 இரண்டையும் நான் ஒரே இடத்தில் குறித்திருந்தேன். ஐந்துக்கு முன்னால் சைபர் போட்டாலும் ஐந்துதானே என்பது என் கட்சி. "புள்ளிக்கு இடப்பக்கம் அந்த நியாயம் சரிளா. வலப்பக்கம் சைபர் ஒரு எடத்தைப் பிடிச்சுக்கிடும், அஞ்சு தள்ளிப் போயி பத்துல ஒரு பங்காச் சுருங்கிரும்" என்றார் டீச்சர். எனக்கு மண்டையில் ஏறவே இல்லை.

அதே வாரம்தான் எங்கள் வலை காணாமல் போனது. திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்கென்று இருந்தது அந்த ஒரே வலைதான். முன்பு முத்துக் குளித்த, 'பார்' என்று சொல்லப்படும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பா அதை விரித்துவிட்டு, நாசரேத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். இடத்தை எண்ணாகக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி அப்பாவுக்குப் புதிது. எண்ணைச் சித்தப்பா போனில் சொல்லியிருந்தார். விடிவதற்குள் ஏதோ விசைப்படகு மிதவைகளை அறுத்துவிட்டிருந்தது. கருவியை நம்பிப் போன அப்பா, கொக்கியால் கடலடியை நாள் முழுக்கத் துழாவிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். "வலை போச்சுன்னா பொழப்பும் போச்சே" என்று அம்மா அழுதேவிட்டாள்.

அப்பா மறுபடி போன் போட்டார். "நாப்பத்தெட்டு புள்ளி சைபர் அஞ்சுண்ணே" என்றார் சித்தப்பா.

"அதத்தாம்லே நானும் போட்டேன், நாப்பத்தெட்டு புள்ளி அஞ்சு."

எனக்குச் சுரீரென்றது. சாக்பீஸால் தரையில் நீளமாகக் கோடு கிழித்து, நாற்பத்தெட்டுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவே பத்துப் பங்கு போட்டு, முதல் பங்கை மறுபடி பத்தாக்கினேன். 48.5 நட்டநடுவில் நின்றது, 48.05 நாற்பத்தெட்டை ஒட்டிக் கிடந்தது. அம்மாடி, ஒரு சைபருக்கு இவ்வளவு தூரமா! அப்பா குனிந்து பார்த்து, "ஒரு நம்பருக்குக் கடல்ல ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அப்ப நான் துழாவுனது வேற எடம்லா!" என்றார்.

மறுநாள் வலை கொக்கியில் சிக்கியது. பாசியும் குப்பையுமாக வந்த அதை அம்மா கட்டிப்பிடிக்காத குறைதான்.

அன்று சாயங்காலம் அப்பா என் கோட்டருகே வந்து உட்கார்ந்தார். "ஏளா, இன்னொரு சைபர் போட்டா?"

"இன்னும் பத்துல ஒரு பங்குப்பா."

"நம்ம வள்ளத்து நீளந்தான் வரும். இன்னொண்ணு?" தாமே கணக்குப் போட்டு, "ரெண்டு மொழம்" என்றார். அடுத்த சைபருக்குக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து அளந்து பார்த்தார். "அப்ப முடிவே கெடையாதா?"

"கெடையாதாம்பா, டீச்சர் சொன்னாங்க."

இப்போது கைபேசியைத் தொட்டால் இடம் தானாகப் போய்ச் சேர்கிறது; எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வலையும் அப்படித் தொலைவதில்லை. நல்லதுதான். ஆனால் அவ்வளவு பெரிய கடல் இரண்டு விரலுக்கு நடுவே வந்தும் தீராமல் நின்றதைப் பார்த்து, நானும் அப்பாவும் ஒருசேர வாயடைத்து உட்கார்ந்திருந்தோமே, அப்படி எங்களை உட்காரவைக்க இன்று எதுவும் இல்லை.