சய மூன்றா, சய ஏழா?

ஐந்தாம் வகுப்புக்கு நான் கணிதம் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்திருந்தது. மிச்ச நாட்களில் பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாது என்று மறை எண்களை அறிமுகப்படுத்தினேன். அது மேல் வகுப்புப் பாடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். என் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு படி முந்தி நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஓர் எண்கோடு கீறினேன். நடுவில் பூச்சியம், அது கடல் மட்டம். மேலே நேர் எண்கள், கீழே மறை எண்கள். –3 ஐச் சய மூன்று என்று வாசிக்கப் பழக்கினேன். கடலோரக் கற்பிட்டிப் பிள்ளைகளுக்கு இதைவிட லேசான உதாரணம் கிடையாது என்று எனக்கு நம்பிக்கை.

வீட்டு வேலையாகப் பத்துச் சோடி மறை எண்கள் கொடுத்து, பெரியதற்கு வட்டமிடச் சொன்னேன். சப்ரினா பத்தையும் பிழையாகச் செய்திருந்தாள். சய மூன்று, சய ஏழு என்றால் ஏழுக்குத்தான் வட்டம். பிழை என்று பத்துப் புள்ளடி போட்டு, கீழே "கவனமின்மை" என்று எழுதினேன்.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய வாப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடலட்டை எடுக்கக் கடலில் மூழ்கிக் குளிக்கிறவர். வகுப்பு வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், இனி பள்ளிக்கே வரமாட்டாளாம். அவ கவனமில்லாம செய்யல்ல. என்னட்டக் கேட்டுத்தான் செஞ்சா."

"உங்களிட்டயா?"

"ஓம். மூணு பெரிசா, ஏழு பெரிசா எண்டு கேட்டா. கடல் கணக்கு எண்டாளே. மூணு பாகத்துல ஆரும் எறங்குவாங்க. ஏழு பாகம் எண்டா சும்மாவா? காது அடைக்கும். ஏழு எண்டுதான் சொன்னேன்."

இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். இங்கே ஆழத்தை அப்படித்தான் அளப்பார்கள்.

சப்ரினா அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்: "எனக்குப் பிழ எண்டா வாப்பாக்கும் பிழதானே."

அவள் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கடலைப் பலகையில் கீறியவள் நான். அந்தக் கடலில் இறங்குகிறவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டிருக்கவில்லை.

"மகள், வாப்பா ஏழு பாகத்துல நிக்கிறார். மூணு பாகத்துக்கு வரணும் எண்டா எந்தப் பக்கம் போகணும்?"

"மேல."

"அப்ப எது மேல இருக்கு?"

"மூணு." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஏழுதான் ஆழம் கூட."

"அதுவும் சரி. கோட்டுல மேல இருக்கிறதுதான் பெரிய எண். நீங்க ஆழத்தப் பாத்து வட்டம் போட்டிருக்கீங்க. நான்தான் அத ஒழுங்காச் சொல்லித் தரல்ல."

வாப்பா சிரித்தார். "அப்ப டீச்சருக்கும் ஒரு புள்ளடி."

கொப்பியை வாங்கினேன். புள்ளடிகளை அழிக்கவில்லை, சய மூன்றுதான் பெரிது. "கவனமின்மை" என்பதை மட்டும் வெட்டினேன். என் எழுத்தை நானே வெட்டுவது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. பக்கத்தில், "ஆழம் சரி. மேல், கீழ் மீண்டும் பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பத்தும் பிழை என்றால் அந்தப் பிள்ளை எதையோ ஒழுங்காக எண்ணியிருக்கிறது. எதை என்று கேட்டுவிட்டுப் புள்ளடி போடுங்கள்.

"என்ன எழுதியிருக்கு, வாசி" என்றார் வாப்பா. வாசலில் நின்றே சத்தமாக வாசித்தாள். "ஆழம் சரி" என்ற இடத்தை அவர் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு அவளை உள்ளே அனுப்பினார்.