கருவாட்டுத் தூளும் கால் டம்ளர் தண்ணீரும்

பிறந்த அன்றே தாயை இழந்த செம்மறிக்குட்டி அது. புட்டிப்பாலில் வளர்த்தோம். தழை கடிக்கத் தொடங்கிய பிறகும் விலா எலும்பு துருத்திக்கொண்டே இருந்தது.

"புரதம் பத்தல. கடலைப் புண்ணாக்கு, அகத்தித் தழை சேத்துக் குடுங்க" என்றார் கால்நடை டாக்டரம்மா.

அதைக் கேட்டு மச்சான் சிரித்தான். என் மனைவியின் தம்பி, கடலூர்த் துறைமுகத்தில் படகுக்குப் போகிறவன். அவனைக் கேட்டால் மீன் தின்றால் தீராத நோயே கிடையாது.

"புரதத்துக்குக் கடலைக்கா போவணும் மாமா? வூட்லயே தொங்குது பாரு!"

கருவாட்டை இடித்துத் தவிட்டில் கலந்தோம். குட்டி முகத்தைத் திருப்பியது. வெல்லம் தூவியதும் நக்கித் தீர்த்தது. ஓயாமல் தண்ணீர் குடித்ததைப் பார்த்து, உடம்பு தேறுகிறது என்றே நினைத்தேன்.

அந்த வாரம் மகளைச் சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் விடப் போனோம். திரும்ப நேரமாகுமே என்று தூளை ஒரு கை கூடவே போட்டேன். மாலையில் வந்தால் தண்ணீர் வாளி கவிழ்ந்து, மண் காய்ந்து கிடந்தது. குட்டி சுவரில் தலையை முட்டியபடி நின்றது. கால்கள் பின்னின.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உப்புக் கருவாடா? அடக் கடவுளே! உப்பு தலைக்கேறிடுச்சு. தண்ணிய மொத்தமா வச்சிடாதீங்க, மூளை வீங்கிடும். கால் டம்ளர் குடுங்க, கொஞ்சம் விட்டு இன்னொரு கால் டம்ளர். தோ வரேன்."

குட்டி கால் டம்ளரை ஒரே உறிஞ்சில் முடித்துவிட்டு, என் வேட்டியைக் கவ்விக் கத்தியது. அப்போதுதான் படகிலிருந்து திரும்பிய மச்சான், சத்தம் கேட்டு ஓடிவந்து வாளி நிறையத் தண்ணீர் பிடித்துத் தூக்கினான்.

"தவிக்கிற உசுருக்குத் தண்ணி தராம ஒக்காந்திருக்கியே, நீயெல்லாம் மனுசனா மாமா?"

"வச்சிடுடா கீழ! ஒன் கருவாடு பண்ண வேல இது."

மனைவி வாளியைப் பிடுங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். "சண்டைய அப்பறம் போடுங்க. டம்ளரக் குடுங்க இப்பிடி."

டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். "விடியட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தபோது குட்டி தானாக எழுந்து நின்றது. மச்சான் அகத்திக் கொத்தை நீட்டினான். அது அவன் கையை முகர்ந்ததும் பின்வாங்கியது.

"மீன் வாடைக்கே பயப்படுதுக்கா" என்று முனகியவன், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தான்.

இம்முறை ஓர் இலையை இழுத்தது. மென்றது. விழுங்குமா என்று மூன்று பேரும் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.