அருந்ததியின் இறங்காத பிரஷர்

கண்டாவளைக் கமக்கார அமைப்பின் செயலாளர் அருந்ததிக்கு முப்பத்தாறு வயதிலேயே பிரஷர் வந்தபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வயல்களுக்கான தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டங்களில் அவர் போடும் சத்தம் அப்படி.

"பதவியை விட்டால் தானா இறங்கும், தங்கச்சி," என்றார் உபதலைவர் பொன்னையா. அந்தப் பாரத்தைத் தானே சுமக்கவும் அவர் ஆயத்தமாக இருந்தார்.

அருந்ததி உப்பைத்தான் விட்டார். கணவர் ரஜிதனும் கூடவே விடவேண்டியதாயிற்று. கிளினிக்கில் மூன்று விதக் குளிசை கொடுத்தும் பிரஷர் அசையவில்லை. ஒழுங்காகப் போடுகிறாரா என்று தாதி சந்தேகப்பட்டால் ரஜிதன் முந்திக்கொள்வார்: "போடுறா மிஸ். நான்தான் சாட்சி. உப்பில்லாத கறிக்கும் நான்தான் சாட்சி."

புதிதாக வந்த டொக்டர் ராஜினி, அருந்ததியைப் படுக்கவைத்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"இன்னும் சாப்பிடேல்லை டொக்டர், அதுதான் சத்தம்," என்றார் அருந்ததி கூச்சத்தோடு.

"இது பசிச் சத்தமில்லை அக்கா. இடுக்கான நாடிக்குள்ளால இரத்தம் பாயிற சத்தம்."

ஸ்கானில் வலது சிறுநீரகம் சற்றுச் சிறுத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் மருந்து ஏற்றி எடுத்த படத்தில், அதற்குப் போகும் நாடி சுருங்கியிருப்பது தெரிந்தது.

"தனக்கு இரத்தம் காணாதெண்டு கிட்னி நினைக்குது. அதாலதான் பிரஷரைக் கூட்டுது," என்றார் டொக்டர்.

"வாய்க்கால் கடைசிக் காணிக்காரர் தண்ணி காணாதெண்டு எனக்கு ஃபோன் அடிக்கிற மாதிரி."

"ஓம், அப்பிடித்தான்."

"அப்ப என்ர கோபத்தால வந்ததில்லை?"

"இல்லை."

"இதை என்ர மனுசனுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

சிகிச்சையன்று தொடையடியை மரக்கச்செய்து, மெல்லிய குழாயை நாடிவழியே செலுத்தினார்கள். அதன் நுனியிலிருந்த சிறு பலூனை ஊதி இடுக்கை விரித்தார்கள். விழித்தபடியே கிடந்தார் அருந்ததி. தாதியின் விரல்களைப் பிடித்தவர் விடவேயில்லை. வெளியே ரஜிதன் கடவுள்களுக்கு நேர்ந்த நேர்த்திகளில் பாதி அவருக்கே பிறகு மறந்துபோயிற்று.

சில வாரங்களில் பிரஷர் இறங்கி, ஒரேயொரு குளிசை மிஞ்சியது. உப்பில் இன்னும் கவனம் வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது வாடியது ரஜிதனின் முகம்தான்.

மறுபரிசோதனையில் நாடி நன்றாகத் திறந்திருந்தது. திரும்பும் வழியில் இருவரும் பஸ்ஸில் அயர்ந்து தூங்கிவிட, இறங்கவேண்டிய பரந்தனைத் தாண்டிக் கிளிநொச்சியில்தான் கண் விழித்தார்கள். ஏன் எழுப்பவில்லை என்று கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார் அருந்ததி. ரஜிதன் தடுக்கவில்லை. எதிரே இருந்த கடையில் இரண்டு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு, ஆறுதலாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.