நாற்பத்தேழாம் நம்பர் தட்டு

ஆய்வகக் கண்ணாடிப் பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் முழங்கைவரை நுழைத்துக்கொண்டு, மூக்கு அரித்தால் தோளிலேயே தேய்த்துக்கொண்டு, உள்ளே கிருமி வளரும் தட்டுகளோடு பேசிக்கொண்டிருக்கிறார் அக்கா. "என்னடா, முந்தாநாள் வெச்சேன், இன்னும் எழுந்திருக்க மனசு வரலியா?" பெட்டிக்குள் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வளரும் கிருமிகளுக்கு நம் காற்று விஷம். யாராவது அவசரத்தில் பக்கக் கதவைத் திறந்துவிட்டால் அக்காவிடம் தொலைந்தார்கள். 'கதவக்கா' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்கள், வராதவர்கள் இரு தரப்பினரின் மலத்தையும் டப்பாக்களில் வாங்கி, அதிலுள்ள கிருமிகளை வளர்த்துக் கொடுப்பது அவருடைய வேலை. பத்தொன்பது வருடமாக இதே வேலைதான். முகம் சுளிப்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "சாப்பிடறத மட்டும் போட்டோ எடுத்து ஊருக்கே காட்டுறீங்க!" என்பார்.

ஒரு கிருமியின் மேல் மட்டும் அவருக்குத் தனிக் கண். இரு முனையும் கூராக இருப்பதால் அவன் 'ஊசிப்பய'. "பல் இடுக்குல கிடக்க வேண்டியவன். குடல்ல கட்டி இருந்தா அங்க போய் சம்மணம் போட்டு உக்காந்துக்கறான். கட்டிய இவன்தான் வளக்கிறானா, இல்ல கட்டியப் பாத்துட்டு வந்து ஒட்டிக்கிறானா? அதுதான் டாக்டருங்களுக்கே இன்னும் பிடிபடல."

அக்காவின் கணவர் ரொட்டி அடுமனையில் மாவு பிசைபவர். மகா கூச்சக்காரர். வயிறு சரியில்லை என்பதைக்கூட 'கொஞ்சம் அப்படி இப்படி' என்றுதான் சொல்வார். போன மாதம் நோயில்லாதவர்கள் வரிசையில் மூன்று டப்பா குறைந்தது. "கல்லுக்குண்டு மாதிரி இருக்கீங்க, ஒரு டப்பாதானே!" என்று நச்சரித்து அவரிடமே வாங்கிவிட்டார் அக்கா. மனுஷன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டப்பாக்களின் மேல் நம்பர் மட்டும்தான் இருக்கும். பெயர்கள் தலைமை டாக்டரம்மாவின் அலமாரியில், பூட்டுக்குள். அதனால்தான் நாற்பத்தேழாம் நம்பர் தட்டில் ஊசிப்பய திமுதிமுவென்று கிளம்பியபோது அக்கா கொண்டாடித் தீர்த்தார். "என் ராசா, என்னா வளத்தி!" என்று ஆய்வகம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினார். போனில் படம் எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடமும் நீட்டினார். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நாற்பத்தேழு உங்க வீட்டுக்காரரோடது. கிருமிய வெச்சு மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா மலத்துல ரத்தமும் இருக்கு. குழாய் விட்டு உள்ள பாத்துடலாம், தள்ளிப்போட வேண்டாம்."

அக்காவுக்குக் கொஞ்சிய வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது.

கணவர் மசியவில்லை. "எனக்கு ஒரு வலியும் இல்ல. மூலமாத்தான் இருக்கும். யாரோ முன்னாடி அப்படிப் படுத்துக்கிட்டு... என்னால ஆகாது." ரத்தம் போவது மூன்று மாதமாக அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிற வாய் நான்கு நாள் அவரிடம் மன்றாடியது. ஐந்தாம் நாள் வாதாட ஒன்றும் மிச்சமில்லை. "அந்தப் படத்த உங்ககிட்டயே காட்டி சந்தோஷப்பட்டேனேங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

கணவர், "சரி, அழாத. என்னிக்குப் போகணும்னு சொல்லு," என்றார்.

பரிசோதனை முடிந்து டாக்டர் வெளியே வந்து சொன்னார்: ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு, முழுசாக எடுத்தாகிவிட்டது. என்ன ரகம் என்று தெரிய ஒரு வாரம் ஆகும். அக்கா நேரே உள்ளே போனார்.

மயக்கம் பாதி தெளிந்து படுத்திருந்தார் கணவர். "மூலம்தானே?" என்றார் குழறலாக.

"இல்லீங்க. கட்டி. எடுத்துட்டாங்க. மீதி அடுத்த வாரம் தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள், நர்ஸ் வந்து போய்க்கொண்டிருந்தார். அக்கா போர்வையை விலக்கி, அவருடைய வயிற்றின் மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்தார். எப்போதும் கையைத் தட்டிவிடுகிற மனுஷன், தன் கையை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.