பதினொன்றாவது சுற்று

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு உடம்பு என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. காலையில் வேன், மாலையில் டியூஷன். வாரத்துக்கு ஒருமுறை வரும் பி.டி. பீரியடையும் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொள்வார். அதனால்தான் மாவட்டப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்த அன்று எனக்கு ஓடுகிற வேலை இல்லை, எண்ணுகிற வேலை.

மைதானத்தைப் பத்து முறை சுற்ற வேண்டும். ஓடுகிற ஒவ்வொருத்திக்கும் சுற்றுகளை எண்ண ஒருத்தி. என் பெஞ்சில் உட்காரும் பேரிகை ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் பெண்ணுக்கு நான். பஸ் ஏறவே தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறவள். போட்டிக்காகக் கிருஷ்ணகிரிக்குப் போகப்போவது ஒருத்திதான். அது தானாக இருக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி ஓட்டத்தில் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வந்தன. அப்பா ஷிப்ட் முடிந்து திரும்புகிற நேரம். அந்த வாரம் முழுக்க நான் எழுவதற்கு முன்பே அவர் போயிருந்தார். ஜன்னல் ஜன்னலாகத் தேடி, கண்டுபிடித்துக் கையாட்டினேன். அதற்குள் அவள் ஒருமுறை சுற்று முடியும் கோட்டைத் தாண்டியது எனக்குத் தெரியவே இல்லை.

மற்றவர்கள் "கடைசிச் சுத்து!" என்று கத்தியபோது, "உனக்கு இன்னும் ரெண்டு இருக்குடி!" என்று நான் கத்தினேன். அவள் நம்பினாள். கூடவே ஓடிவந்தவள் பாய்ந்து முதலாவதாக வந்து புல்லில் சரிந்தாள். இவளோ நிற்காமல் தனியாக இன்னொரு சுற்று ஓடினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிரே போயிற்று. நான் தப்பாக எண்ணியதைப் பி.டி. சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"இப்ப வந்து சொன்னா நான் என்னம்மா பண்றது?"

"இன்னொரு வாட்டி ஓடறேன் சார்," என்றாள் அவள். "ஜெயிச்சவளோட டைமுக்குள்ள முடிச்சா என்னைப் போடுங்க."

"எப்போ?"

"இப்பவேதான் சார்."

சார் எண்ணுவதற்கு வேறு ஆளைத் தேடினார். "இவளே எண்ணட்டும் சார்," என்று அவள் என்னைக் காட்டினாள்.

வெறுங்காலோடு மறுபடியும் கிளம்பினாள். என் வயது, என் உயரம். ஒரு உடம்புக்குள் இவ்வளவு இருக்குமா என்று எனக்குப் புல்லரித்தது. விரலை மடக்கி மடக்கி எண்ணினேன்.

பத்து முடிந்தது. சார் வாட்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான்கு செகண்ட் அதிகம்.

முதலில் ஜெயித்தவள் புல்லிலிருந்து எழுந்து வந்தாள்.

"பத்து சுத்துக்கே நான் செத்துட்டேன் சார். இவ இருபத்தொண்ணு ஓடியிருக்கா. இவளையே அனுப்புங்க."

சார் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதினார்.